வாசலில் சொல்லாத கதை

கண்டிப் பக்கத்து மடவளையில் ஒரு பெண் கண்ணை மூடினால், கபுறுக்குழி வெட்டுகிறவனுக்கு ஆள் போகுமுன் ஆஸியா உம்மாவுக்கு ஆள் போய்விடும். இறந்த பெண்ணின் மையத்தைக் குளிப்பாட்டப் பெண்தான் வேண்டும். ஊரில் பெண்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கல்யாண வீட்டுக் குசினியில் கறிச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க எத்தனையோ பேர் வருவார்கள். மையத்து வீடு என்றதும் ஒருத்திக்குத் தலை சுற்றும், ஒருத்திக்கு வயிற்றைப் புரட்டும், இன்னொருத்திக்கு வீட்டில் கைப்பிள்ளை அழும். ஆஸியா உம்மாவுக்கு மட்டும் ஒன்றும் வராது. முந்தானையை இடுப்பில் செருகி, இலந்தை இலை போட்ட வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, "ம், கதவச் சாத்துங்க" என்பாள். அதோடு வேலை தொடங்கிவிடும்.

அவள் ஒன்றும் இதற்கென்றே பிறந்தவளல்ல. முனாப் என்ற மாட்டுவண்டிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, றமீலா என்று ஒரு மகளைப் பெற்று, பிள்ளை தவழத் தொடங்குமுன் புருஷனைப் பறிகொடுத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, பதினேழாம் ஆண்டு அது. அடுத்த மழைக்காலத்தில் புருஷனின் தாயும் போய்ச் சேர்ந்தாள். வழக்கமாகக் குளிப்பாட்டுகிற கிழவியின் வீடு வயலுக்கு அந்தப் பக்கம். வயலெல்லாம் வெள்ளம். கூடியிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர ஒருத்தியும் அசையவில்லை. "சரி, நானே கழுவுறன்" என்று ஆஸியா உள்ளே போனாள். வாய்தான் சொன்னது, முகத்தைப் பார்க்கப் பயம். மாமியின் இடது காலில் சின்னவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. அந்த விரலையே பார்த்துக்கொண்டு எப்படியோ கழுவி முடித்தாள்.

சில மாதம் கழித்து இன்னொரு வீட்டில் மௌத்து. கிழவிக்கு உடம்பு முடியவில்லை என்று இவளைக் கூப்பிட்டார்கள். துணியை விலக்கினால் அதே விரல். ஏறிப் படுத்த அதே சின்னவிரல். "இது மாமிட விரலெல்லவா" என்று நினைத்ததும் அவளுடைய பயம் அப்படியே வடிந்துவிட்டது. முன்னால் கிடப்பவள் அந்நியமில்லை, பழகிய ஒருத்தி என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மையத்திலும் பழைய ஒருத்தியைத் தேடுவாள். இவள் முதுகு அந்தப் பாய் பின்னுகிறவளின் முதுகு, இவள் முழங்கால் அந்த ஆப்பக்காரியின் முழங்கால் என்று கண்டுபிடிப்பாள். முன்னால் போனவள் எப்படி வாழ்ந்தாள், எதற்கு அழுதாள், அவள் போன பிறகு வீடு என்னவாயிற்று என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதை வைத்துப் பின்னால் வந்தவளைப் புரிந்துகொள்வாள். அவளுக்கு வேறு எந்தப் பள்ளிக்கூடமும் இருக்கவில்லை.

இனி, வாசல் கதையைச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மையத்தில் நல்லது கண்டால் சொல்லலாம், கெட்டது கண்டால் வாயைத் திறக்கக் கூடாது. கபன் துணியோடு சேர்த்து அதையும் புதைத்துவிட வேண்டும். ஊருக்கும் இது தெரியும். அதனால்தான் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது விறாந்தையில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்ப்பார்கள். துக்கம் ஒரு பக்கம், ஆவல் ஒரு பக்கம். மனிதர்கள் அப்படித்தான், இதில் மடவளைக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்.

அவர்களுக்காக அவள் ஒரு கதை சொல்வாள். கையை இறுக மூடியபடி போன கிழவி ஒருத்திக்கு, "சந்தச் சனத்துக்குள்ள தொலஞ்சு போன புள்ள, உம்மாட சேலத் தலப்பக் கண்டுட்டா எப்பிடிப் புடிக்கும்? அந்தப் புடிதான். அவ உம்மாவக் கண்டுட்டா" என்றாள். கல்லுப் போல உட்கார்ந்திருந்த கிழவியின் மகன் அதைக் கேட்டபிறகுதான் அழுதான். இன்னொரு வீட்டில், பெயர் வேண்டாம், ஒரு சின்னப் பெண்ணின் முதுகில் சுட்ட தழும்புகள் இருந்தன. ஆஸியா உம்மா வெளியே வந்து, பொதுவாக விறாந்தையைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு மனுசன் பசு வளத்தானாம். கயித்த இழுத்தா கொள்ளிக்கட்டயால சுடுவானாம். பசு செத்த பொறகு தோல் உரிக்க வந்தவன், இது செருப்புத் தைக்கவும் ஒதவாது, எல்லாம் ஓட்டை என்டு எறிஞ்சிட்டுப் போனானாம்." விறாந்தையில் ஒரே ஒரு தலை குனிந்தது. அன்றிலிருந்து அந்தத் தலைக்கு இந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்ல அவளுக்கு வாய்த்த ஒரே வழி கதை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பிடிவாதமாக இருந்தாள். உயிரோடு இருக்கிற யாரையும் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணப்பெண்ணைப் பாராமல் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். அவள் கண் தங்கள் மேல் பட்டால் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அவளுக்கு அது தெரியும். "உசிரோட ஈக்கிறவங்கள நான் அளக்கிறல்ல" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சிரிக்கிறாளே என்று யாருடைய மனமும் நிம்மதி அடைந்ததில்லை.

முப்பத்துநாலாம் ஆண்டு வானம் கையை விரித்துவிட்டது. மகாவலி வற்றிப் பாறையும் குட்டையுமாகக் கிடந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆற்றின் எலும்புதான் தெரியும். குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. ஆண்டு முடிகிற நேரம் குளிர்காய்ச்சல் வந்தது. நல்ல வெயிலில் மனிதர்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். பிறகு உடம்பு கொதித்தது, பிதற்றினார்கள், வியர்த்துக் கொட்டி எழுந்தார்கள், மறுபடி நடுங்கினார்கள். கசப்பான கொயினா மருந்து வந்தது, அது வருமுன் போனவர்கள் போய்விட்டார்கள். ஆஸியா உம்மாவின் உள்ளங்கைத் தோல் ஊறி வெளுத்தது. இலந்தை இலை பறித்துப் பறித்து ஊர் மரங்கள் மொட்டையாயின.

அந்த நாட்களில் பக்கத்து வீதிக் கடைக்காரர் ஹுஸைனின் மனைவி கைரியா இறந்தாள். அவளுடைய ஒரே மகள் றிஸானாவும் அதே காய்ச்சலில் அடுத்த அறையில் நினைவில்லாமல் கிடந்தாள். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்து, நிகாஹ்வுக்கு நாள் பார்க்கிற நேரம். உம்மா மௌத்தானது மகளுக்குத் தெரியாது.

உச்சிவெயில் நேரம். கதவைச் சாத்தினார்கள். தண்ணீர் ஊற்ற ஹுஸைனின் தங்கச்சி நின்றாள். ஆஸியா உம்மா வழக்கம்போலக் கால் பக்கமிருந்து தேடத் தொடங்கினாள். விரல் யாருடையதுமில்லை. முழங்கால், இடுப்பு, தோள் ஒன்றிலும் பழைய ஒருத்தி அகப்படவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. பலகையில் கிடப்பவள் யாரோ ஒருத்தியாகவே கிடந்தாள். மாமியைக் கழுவிய அன்று இருந்த பயம் திரும்பி வந்து அவளுடைய பிடரியில் உட்கார்ந்துகொண்டது.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். வலது கண் மூடியிருந்தது. இடது கண் முழுதாக மூடவில்லை. இமைக்கடியில் கறுப்பாக ஒரு கோடு. விரலால் நீவி மூடினாள். மெல்லத் திறந்தது. மறுபடியும் மூடிச் சற்று நேரம் உள்ளங்கையால் பொத்தி வைத்தாள். கையை எடுத்ததும் அதே கோடு. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயோரத்தில் அந்தச் சின்ன மடிப்பு, சற்றே சரிந்த தாடை, மூடாத இடது கண். இந்த முகத்தை அவள் நாள்தோறும் காலையில் பாயில் பார்க்கிறாள். தூங்குகிற றமீலாவின் முகம் இது.

பலகையில் மகள் கிடந்தாள். தன் கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் மகளின் கழுத்தில் சொட்டியது. இதுவரை ஒரு மையத்து இன்னொரு மையத்தைப் போல இருந்தது, முன்னால் போனவள் பின்னால் வந்தவளில் தெரிந்தாள். இன்றைக்கு மையத்து உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் போல இருக்கிறதென்றால், அந்த ஒருத்தி எங்கே வந்து படுக்கப் போகிறாள்? அவளுடைய கணக்கில் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"என்ன ராத்தா, கை நடுங்குது?" என்றாள் தண்ணீர் ஊற்றுகிறவள்.

"ஒன்டுமில்ல, ஊத்து."

எப்படிக் கபனிட்டாள், எப்படிக் கதவைத் திறந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. விறாந்தையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஹுஸைன் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். கதை ஒன்றும் வரவில்லை. யாரையும் பாராமல் முற்றத்தில் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் வாயை மூடிக்கொண்டு போனது ஊருக்குப் போதுமாயிருந்தது. நல்லது கண்டால் சொல்லுவாள், சொல்லவில்லை, அப்படியானால் கண்டது என்ன? கை நடுங்கினதைத் தண்ணீர் ஊற்றியவள் ஒருத்திக்குச் சொன்னாள், அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள். ஜனாஸா மையவாடிக்குப் போய்ச் சேருமுன் கைரியாவின் முகம் கறுத்துவிட்டதாம். மறுநாள் நாக்கு வெளியே தள்ளியிருந்ததாம். மூன்றாம் நாள் பாத்திஹாச் சோற்றைத் தின்றுவிட்டுக் கைகழுவுகிற இடத்தில், அப்படி என்ன பாவத்தைச் செய்திருப்பாள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது கைரியாவைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாத வாய்கள் அவை. கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸியா உம்மா வீட்டுக்குப் போனபோது றமீலா அடுப்படியில் நன்றாகத்தான் நின்றாள். அவளுக்கு அந்த வருஷம்தான் கல்யாணமாகியிருந்தது. புருஷன் றிஸ்வி மாத்தளை பஸ்ஸில் வேலை, ராத்தங்கல் பெரும்பாலும் அங்கேதான், மற்றபடி இந்த வீட்டோடுதான் இருந்தான். "உம்மா, தேத்தண்ணி ஊத்தவா?" என்று அவள் திரும்பியதும் ஆஸியா உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே கிழமையில் றமீலாவுக்குக் குளிர் கண்டது. தாய் கொயினா கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள், நெற்றிக்குத் துணி போட்டாள், எல்லாவற்றையும் மகளின் முகத்தைப் பாராமலே செய்தாள். முன்பெல்லாம் றமீலா தூங்கின பிறகு படுத்து, அவள் எழும்புமுன் எழும்பி, தூங்குகிற முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

"ஏன் உம்மா என்ட மொகத்தப் பாக்கிறீங்கல்ல?" என்று காய்ச்சல் சற்று விட்ட நேரத்தில் றமீலா கேட்டாள்.

"பாத்துக்கொண்டுதான் ஈக்கிறன். குடி."

ஹுஸைன் ஒரு பின்னேரம் வந்தார். மனிதர் பாதியாகப் போயிருந்தார். படலையடியிலேயே நின்றுகொண்டார். "ராத்தா, மாப்புள வீட்டாக்கள் ஆள் அனுப்பி ஈக்கிறாங்க. இந்தச் சம்பந்தம் வேணாமாம். என்ன கண்டீங்கன்டு எனக்கு மட்டும் செல்லுங்க. எவ்வளவு கெட்டதென்டாலும் பரவாயில்ல."

"கண்டதச் செல்ல எனக்கு ஏலாது, தம்பி."

அவள் சொன்னது உண்மை. ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று. சொல்ல ஏலாத அளவுக்கு இருந்திருக்கிறது என்று ஹுஸைன் வீட்டிலேயே நம்பிவிட்டார்கள். அவர் திரும்பிப் போகிறதை ஆஸியா உம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் சொன்னால் கைரியாவின் பெயர் கழுவப்படும். ஆனால் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் மகளின் முகத்தை மையத்துப் பலகையில் தானே எடுத்து வைத்த மாதிரி ஆகிவிடும். சொல்லாத வரைக்கும் அது வெறும் நினைப்பு, அல்லாஹ் மனம் வைத்தால் அழித்துவிடுவான். சொல்லிவிட்டால் யாரால் அழிக்க முடியும்? அவள் பயந்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கைரியாவின் மகள் எக்கேடு கெட்டாலும் தன் மகள் பிழைத்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

பிறகு றிஸானாவே வந்தாள். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, முக்காடு தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலத்தில் உட்கார்ந்தாள். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமி, எங்கும்மாட மொகம் கறுத்தன்டு செல்றாங்க. வாய் கோணினன்டு செல்றாங்க. கண்ண மூடினா அந்த மொகம்தான் வருது. முந்தி ஈந்த மொகம் எனக்கு ஞாபகம் வருதில்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊரெல்லாம் பாத்த மாதிரிக் கதைக்கிது. நான் மட்டும் பாக்கல்ல. நீங்க பாத்தீங்க. எப்பிடி ஈந்திச்சு?"

ஆஸியா உம்மா கதை தேடினாள். இருப்பதையெல்லாம் கிளறினாள். சந்தையில் தொலைந்த பிள்ளை, ஆற்றைக் கடந்தவள், விதை நெல்லைக் காத்தவள் என்று எதை எடுத்தாலும் இந்தப் பெண்ணின் முன்னால் பல்லிளித்தது. ஆறுதலுக்கு ஒன்று கட்டிச் சொல்லலாம், ஆனால் வாசலில் சொல்லாததை இன்று சொன்னால் இவளுக்கே பொய்யென்று தெரியும். உள்ளே றமீலா தூங்குகிற மூச்சுக் கேட்டது. இந்தப் பெண் இனி வாழ்நாள் முழுக்கத் தன் உம்மாவின் முகத்துக்குப் பதில் ஒரு பேயின் முகத்தை வைத்துக்கொண்டு அலையப் போகிறாள், அதற்குக் காரணம் என் வாய் என்று ஆஸியா உம்மாவுக்குத் தோன்றியது. அதைத் தாங்க முடியவில்லை.

"எழும்பு" என்று றிஸானாவின் கையைப் பிடித்தாள். அறைக் கதவைத் தள்ளினாள்.

றமீலா பாயில் மல்லாந்து கிடந்தாள். காய்ச்சல் வடிந்து முகம் மெழுகாக இருந்தது. வாயோரத்தில் மடிப்பு. இடது கண்ணில் கறுப்பாக ஒரு கோடு. ஜன்னல் வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது.

"இப்பிடித்தான் ஈந்திச்சு, மகள். கறுக்கவுமில்ல, கோணவுமில்ல. ஒங்கும்மா என்ட மகள மாதிரி ஈந்தா. அதுதான் எனக்குப் பேச வரல்ல."

றிஸானா முழங்காலில் விழுந்து உட்கார்ந்தாள். அந்த முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து குனிந்து பார்த்தாள். "உம்மா" என்று மெதுவாகச் சொல்லி, விரலால் கன்னத்தைத் தொட்டாள். அழுதாள். நினைவு திரும்பிய நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்த அழுகை அது. ஆஸியா உம்மாவும் அன்றைக்குத்தான் மகளின் முகத்தை முழுதாகப் பார்த்தாள்.

அந்த நேரம் இடது கண்ணின் கோடு அசைந்தது. றமீலா தூங்கவில்லை. எப்போது விழித்தாள் என்று தெரியாது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கிறாள். ஒருத்தி தன்னை உம்மா என்று கூப்பிட்டு மையத்தைப் போலத் தடவுகிறாள், பெற்ற தாய் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கிறாள். றமீலாவின் முகத்தில் இருந்த பயத்தை ஆஸியா உம்மா சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

பாதியில் நிறுத்துகிற ஆள் அல்ல அவள். அன்றைக்கே ஹுஸைனின் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கிறபோதே அதையே சொன்னாள். பள்ளிவாசல் லெப்பையிடமும் சொன்னாள். ஊர் வாயில் கைரியாவின் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் நடக்காத மாதிரிச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பிறகு ஊர் றமீலாவின் பக்கம் திரும்பியது. அவள் எப்போது போவாள் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்வார்களா என்ன. கஞ்சி கொண்டுவந்தார்கள், தலை தடவினார்கள், பழைய மனத்தாங்கலுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார்கள். ஒருத்தி குனிந்து இடது கண்ணை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். றமீலா அவர்கள் வரும்போதெல்லாம் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாக, கபனிட்ட மாதிரி இருந்தது. ஆஸியா உம்மா ஓடிப்போய் அதைக் கீழே இழுத்து விடுவாள். குசினிக்குள் போய், தான் வைத்திருந்த இலந்தை இலைக் கட்டை அடுப்பில் போட்டு எரித்தாள்.

ஆனால் றமீலா சாகவில்லை. காய்ச்சல் விட்டது, மறுபடி வரவில்லை. எழுந்து நடந்த முதல் நாள் அவள் தாயிடம் சொன்னாள்: "நீங்க என்னக் கழுவி முடிச்சிட்டீங்க உம்மா. இனி இந்த வீட்டில எனக்கென்ன வேல." றிஸ்வியைக் கூட்டிக்கொண்டு மாத்தளையில் குடியேறினாள். பெருநாளைக்கு வந்தால் வாசலோடு சலாம் சொல்லிவிட்டுப் போவாள். அங்கே அவள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று றிஸ்வி ஒருமுறை மாமியாரிடம் சொன்னான். காற்றில் துணி விலகினால் விழித்துக்கொள்வாளாம்.

ஆஸியா உம்மா தொழிலை விடவில்லை. ஒப்பிடுவதை விட்டுவிட்டாள். தன்னுடைய கணக்கு பொய்த்ததில் அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை, ஆனால் அது பொய்த்த பிறகு மையத்துகள் எல்லாம் அந்நியமாகிவிட்டன, பழைய பயம் திரும்பிவிட்டது. தண்ணீர் ஊற்றக் கல்யாணமான றிஸானா துணைக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாக வந்து செம்பை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று ஆஸியா உம்மா ஏதாவது ஒரு கதையைக் கட்டாயம் சொன்னாள். கதை நன்றாக இல்லாவிட்டாலும் சொன்னாள். ஒருநாள் கூட வாய் பேசாமல் இறங்கிப் போகவில்லை.

முப்பதுகள் முடிகிற காலத்தில் ஒரு காலை, சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி பாயில் சாய்ந்தவள் எழும்பவில்லை. மாத்தளைக்கு ஆள் போனது. றமீலா பகல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே றிஸானா குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "மகளெல்லவா, உள்ளுக்குப் போங்க" என்று பெண்கள் சொன்னார்கள். றமீலா அசையவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் கற்பூரத் தண்ணீர் ஊற்றுமுன் றிஸானா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. விறாந்தை முழுக்கப் பேச்சு நின்றது. றிஸானாவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அவளுக்கு உடனே பேச வரவில்லை. அந்த வாசலில் வாய் திறக்காமல் நின்றால் என்ன நடக்கும் என்று அவளைவிட அறிந்தவர் யார்?

றமீலாதான் கேட்டாள். "யார மாதிரி ஈக்கிறாங்க?"

"ஒங்கள மாதிரி" என்றாள் றிஸானா.

றமீலா தூணை விட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

ஆஸியா உம்மா பலகையில் மல்லாந்து கிடந்தாள். வாயோரத்தில் சின்ன மடிப்பு. தாடை சற்றே சரிந்திருந்தது. வலது கண் மூடியிருந்தது. இடது கண்ணின் இமைக்கடியில் கறுப்பாக ஒரு கோடு.

றமீலா வெகுநேரம் பார்த்தாள். "உம்மா தூங்குறத நான் கண்டதே இல்ல" என்றாள் கடைசியில். "நான் தூங்கின பொறகுதான் படுப்பாங்க. எழும்புறத்துக்கு முந்தி எழும்பிடுவாங்க." தன்னுடைய இடது கண்ணைக் கையால் தொட்டுக்கொண்டாள். "அண்டைக்கு ஒங்கும்மாட்ட அவங்க கண்டது என்ட மொகமில்ல, றிஸானா. அவங்கட மொகம். தூங்கினா எப்பிடி ஈக்குமென்டு அவங்களுக்கே தெரியல்ல."

"எத்தினயோ தரம் மூடிப் பாத்தேன். நிக்கிதில்ல" என்று றிஸானா கண்ணை நோக்கி மறுபடி கையை நீட்டினாள்.

றமீலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடுங்க. எங்களுக்கு அப்பிடித்தான்."

பிறகு உட்கார்ந்து, கற்பூரத் தண்ணீரைத் தானே எடுத்து ஊற்றினாள்.